கடை பூட்டிய மறுவாரம் ஏழாம் கட்டில்

முன்பு என்னோடு வேலை செய்த தாதி ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனை வாட்டுக்குக் கணினி வந்துவிட்டதாம். நோயாளியை அனுமதிக்கும் படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம்.

"சேர், மது பாவிக்கிறவரா எண்டு ஒரு பெட்டி கிடக்கு. ஓம், இல்ல ரெண்டுல ஒண்ட அமத்தாட்டி நகருதில்ல. நம்மட ஹாஜியார்மாரிட்ட இத எப்பிடிக் கேக்கிற? உங்கட காலத்தில நீங்க என்ன செஞ்ச?"

எங்கள் காலத்தில் நாங்கள் செய்தது பிழை. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் கல்முனைக் கரையோரத்து அரச மருத்துவமனை ஒன்றில் ஆண் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிந்தவூர்க்காரன். தாதியர் பயிற்சிக்குப் போகுமுன் இரண்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பிரதேசச் செய்திகள் எழுதினேன். யார், எங்கே, எப்போது, கண்ணால் கண்டவர் யார் என்ற நான்கும் இல்லாமல் அனுப்பும் செய்தியை ஆசிரியர் குப்பைக்கூடையில் போடுவார். அந்தப் பழக்கம் கடைசிவரை என்னோடு இருந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மட்டக்களப்பில் மூன்று வருடம் கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கவும், நாளத்தில் ஊசி ஏற்றவும், இறந்தவரின் வீட்டாருக்கு முன்னால் நேராக நிற்கவும் பழகினேன். பிறகு வாட்தான் வாழ்க்கை.

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் மதுக்கடை கிடையாது. மார்க்கத்தில் விலக்கப்பட்ட பொருள் ஊரில் இல்லை என்பதுதான் எல்லோருடைய பேச்சும். வாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய நோயாளி வந்தால் அவருடைய டிக்கெட்டில், அதாவது நோய் விபரம் எழுதும் தாளில், புகை உண்டா, மது உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். தொப்பி போட்ட மனிதர் என்றால் முதல் கேள்வியைக் கேட்போம். இரண்டாவதைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதுவோம். தமிழ்த் தாதிகளும் அப்படித்தான், முஸ்லிம் தாதிகளும் அப்படித்தான். மரியாதை என்று நினைத்துச் செய்தோம். கேள்விப்படாததையும் காணாததையும் எழுதக் கூடாது என்று படித்த நானும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பல வருடங்களாகக் காணாததை எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், மேற்கே வயல்களுக்கு அப்பால் வீதியோரம் இருந்த மதுக்கடையை மூடவேண்டும் என்று சனங்கள் எழுந்தார்கள். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயமும் ஒன்றாக நின்றன. பர்தா போட்ட பெண்களும் பொட்டு வைத்த பெண்களும் ஒரே பாயில் வீதியில் குந்தியிருந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். எங்கள் பகுதியில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை. கடை மூடப்பட்டது. அதே வாரம் பொலிஸார் பற்றைகளுக்குள் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சிய அடுப்புகளையும் உடைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் நான் வெளிநோயாளர் பிரிவில் பதில் கடமை. வழமையாக அந்த நேரத்தில் மண்டை உடைந்தவர்களும் கை வெட்டுப்பட்டவர்களும் வரிசையில் இருப்பார்கள். அன்று தையல் தட்டைத் திறக்கவே இல்லை. கொதிநீரில் அவித்த கத்தரிகள் துணிக்குள் அப்படியே கிடந்தன. மருந்து கட்டும் ஊழியர் வாசலில் நின்று வெறும் வீதியைப் பார்த்து, "என்ன சேர், சனத்துக்கெல்லாம் புத்தி வந்திட்டா?" என்றார். எனக்குப் புல்லரித்தது. ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்டதால் இத்தனை இரத்தம் சிந்தாமல் போகிறதா என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் பிழையில்லை. அது பாதிதான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஏழாம் கட்டிலுக்கு ஆதம்பாவா வந்தார். ஐம்பத்தைந்து வயது. வட்டவிதானை. வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைபோட்டுப் பங்கிடும் பொறுப்பு அவருடையது. இருநூறு கமக்காரர் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டாலும் கோபப்படாமல் மதகைத் திறந்து மூடும் மனிதர் என்று பெயர். அன்று காய்ச்சல், வியர்வை, உடல் உளைவு, சிவந்த கண், கையில் நடுக்கம். சேற்றில் நிற்கிற மனிதர் இந்த அறிகுறிகளோடு வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் வருவது எலிக்காய்ச்சல் என்ற நினைப்புத்தான். வாட்டின் இளம் டொக்டரும் அப்படியே நினைத்தார். இரத்தம் எடுத்தோம், ஊசி மருந்து தொடங்கினோம்.

அவரோடு வந்தவர் அவருடைய மனைவியின் மூத்த சகோதரர், உதுமாலெவ்வை ஹாஜியார். பிடவைக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர்களில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் உண்டு. ஹாஜியார் அவர்களுடைய குடிக்கு மரைக்காயர். கடை மூடப்பட்டபின் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் ஆண்களை எழுப்பிச் சத்தியம் வாங்கியவர் அவர்தான். குடிக்கிறவர் வீட்டு நிக்காஹ்வுக்குப் பள்ளிக் கடிதம் கிடையாது என்ற தீர்மானத்தை வாசித்தவரும் அவர்தான். கடிதம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடக்காது. ஆதம்பாவாவின் மகளுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி, நிக்காஹ்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மரைக்காயர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். நான் டிக்கெட்டை எழுதினேன். புகை? "இல்ல." அடுத்த கட்டத்தில் நானே 'இல்லை' என்று போட்டேன். என் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து அவர் படுக்கவில்லை. விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தெளிவான, அதிகாரமான குரலில் வாட் முழுவதற்கும் சொன்னார்:

"எல்லாரும் காலைத் தூக்குங்க! மேல் மதகு உடைஞ்சி தண்ணி வருது. சாமான மேல எடுங்க!"

நிலம் காய்ந்து கிடந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டு இரண்டு நோயாளிகள் உண்மையாகவே கால்களைக் கட்டிலில் தூக்கி வைத்தார்கள். எட்டாம் கட்டிலில் இருந்த சாய்ந்தமருதுக் கிழவர், கடல்தொழில் செய்தவர், செருப்பையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்களுமா அப்பா?" என்றேன்.

"கடலில தண்ணி வாறதெண்டா எனக்குத் தெரியும் மனே. வயலில வாறதெண்டா விதானையாருக்குத்தான் தெரியும். நான் எதுக்குச் செருப்ப நனைக்கிற?"

சிரித்தேன். அதற்குள் ஆதம்பாவா காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்துத் திருகத் தொடங்கினார். நாடி பிடித்த என் விரலுக்குக் கீழே துடிப்பு ஓடியது. இளம் டொக்டர் மூளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று பயந்தார். உடல் வாடியிருக்கிறது என்று குளுக்கோஸ் போத்தல் ஒன்று போடச் சொன்னார். நான் அதைத் தூக்கி மாட்டினேன். வால்வு இன்னும் திறக்கவில்லை.

அப்போது, அன்று கிளினிக் நாளானதால் பிந்தி, எங்கள் வைத்திய நிபுணர் வாட்டுக்குள் வந்தார். மட்டக்களப்புப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மெடம். அவருடைய முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியிடம் வந்ததும் அவர் தொடமாட்டார், டிக்கெட்டையும் வாசிக்கமாட்டார். கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் வெறுமனே பார்ப்பார். அந்த நிமிடத்தில் யாராவது பேசினால் விரலை உயர்த்துவார். பிறகு ஸ்டூலை இழுத்து, தன் முகம் நோயாளியின் முகத்துக்குச் சரியாகவோ கீழாகவோ வரும்படி உட்காருவார். நின்றுகொண்டு அவர் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை.

அன்றும் பார்த்தார். உட்கார்ந்தார். ஆதம்பாவாவின் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெறுந்தாளை வைத்தார். தாள் சரசரவென்று அடித்துக்கொண்டது. பிறகுதான் டிக்கெட்டை எடுத்தார். நான் எழுதிய கட்டத்தில் அவருடைய பேனா நின்றது.

"நவாஸ், இத அவரிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல மெடம்."

"ஏன்?"

"மரைக்காயர் பக்கத்தில நிண்டார்."

"மரைக்காயருக்கா நோய்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என் காது சுட்டது. "அந்தப் போத்தலக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன்.

பார்வையாளர் நேரம் அது. ஆதம்பாவாவின் மனைவி சுபைதா உம்மாவும் மரைக்காயரும் சோற்றுப் பெட்டியோடு அப்போதுதான் கட்டிலருகே வந்தார்கள். மெடம் மரைக்காயரிடம் திரும்பி, இரத்தம் எடுத்த சிறு குப்பி ஒன்றைக் கொடுத்து, "ஹாஜியார், ஒரு உதவி. இத லாப்பில குடுத்து, முடிவ நிண்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அது உண்மையாகவே தேவைப்பட்ட பரிசோதனைதான். அவர் போனதும் கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கச் சொன்னார். என்னை உள்ளே நிற்கச் சொன்னார். சுபைதா உம்மாவை ஸ்டூலில் இருத்தித் தான் கட்டிலில் ஏறும் மரப்படியில், அவரைவிடத் தாழ்ந்து உட்கார்ந்தார்.

இவர் குடிப்பவரா என்று அவர் கேட்கவே இல்லை.

"ராத்தா, இவருக்குக் கை நடுங்கத் தொடங்கினா நீங்க என்ன குடுப்பீங்க?"

திரைக்கு வெளியே கிழவர் இருமியது கேட்டது. சுபைதா உம்மா சோற்றுப் பெட்டியின் கைப்பிடியையே பார்த்தார்.

"முந்தியெண்டா ரெண்டு மூடி. இப்ப அரை மூடி."

"எந்த மூடி?"

"புள்ளைகளுக்கு இருமல் பாணி குடுக்கிற மூடி."

"எவ்வளவு காலமா?"

"பதினொரு வருஷம் மெடம்." பிறகு ஒரேயடியாகச் சொன்னார். "வயல் வாடிக் குடிசையில போத்தலோட கிடந்த மனிசன். அவருட கையில போத்தல் இருந்தா முடியுமட்டும் வைக்கமாட்டார். அதால அத என்ட கைக்கு எடுத்தன். அவர் கொண்டு வருவார், என்னட்டத் தருவார், நான் அரிசிப் பானைக்குள்ள வைப்பன். அஞ்சு நேரத் தொழுகையில ஒண்டுக்கும் அவர் வாயில மணத்தோட போனதில்ல. நேரம் பார்த்துத்தான் குடுப்பன். கேட்டுக் கெஞ்சுவார், ஏசுவார், ஒரு நாள் மூடியத் தட்டியும் விட்டார். நான் கூட்டினதில்ல. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சன். இன்னம் ரெண்டு மூண்டு வருஷத்தில விட்டிருப்பார் மெடம்."

"கடை பூட்டினதும்?"

"பானைக்க அரைப் போத்தல் இருந்தது. அத மூடியால அளந்து, பிறகு கரண்டியால அளந்து, ஒரு கிழமைக்கு மேல இழுத்தன். செவ்வாக்கிழமை பகல் கடைசிக் கரண்டி." அவர் நிமிர்ந்தார். "கடைய மூடச் சொல்லி வீதியில குந்தியிருந்த பொம்புளைகள்ள நானும் ஒருத்தி. மூடினது நல்லம்தான். இனி இவருக்கு எங்க போற எண்டு அண்டைக்கு எனக்கு நினைப்பு வரல்ல."

மெடம் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்புத்தாளை எடுத்து, காலை எத்தனை, பகல் எத்தனை, படுக்குமுன் எத்தனை என்று மூடிக்கணக்கில் கேட்டு எழுதினார். ஒவ்வொரு வருடமும் எவ்வளவு குறைந்தது என்றும் கேட்டார். சுபைதா உம்மா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. என் வேலைக் காலத்தில் எத்தனையோ டிக்கெட்டுகள் எழுதியிருக்கிறேன். பதினொரு வருடத்தை ஒரு நாளும் தவறாமல் மனதில் எழுதி வைத்திருந்த ஒரு மனிதரை அன்றுதான் கண்டேன்.

"எனக்கும் பாவம்தானே மெடம்?" என்று சுபைதா உம்மா கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது ராத்தா. நீங்க குறைச்ச மாதிரித்தான் நானும் இப்ப மருந்து குறைக்கப் போறன். அதுதான் எனக்குத் தெரியும்."

பிறகு வேலை வேகமாக நடந்தது. முதலில் தயமின் ஊசி. நீண்ட காலம் குடித்தவரின் உடம்பில் அந்த விற்றமின் வற்றிப்போயிருக்கும். அதை நிரப்பாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை கெட்டுவிடக்கூடும். நான் மாட்டிய போத்தல் அதுதான். வால்வைத் திறக்க எனக்கு மிச்சமிருந்தது இரண்டு அடி. அதன்பின் நடுக்கத்துக்கு டயசிபாம், நாடியையும் நடுக்கத்தையும் பார்த்துப் பார்த்து. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தடுப்பு. வலிப்பு வந்தால் எந்தப் பக்கம் சரிக்க வேண்டும் என்பது வரை மெடம் சொன்னார்.

டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். "உங்கட எழுத்த நீங்களே திருத்துங்க."

எனக்கு நிக்காஹ்தான் முன்னால் நின்றது. "மெடம், எழுதாம விட்டா என்ன? ஊர் சின்னது. ஒரு ஆள் பார்த்தாலும் அந்தப் புள்ளைட கல்யாணம் போயிரும்."

"எழுதாட்டி அடுத்த ஷிப்டுக்கு வாறவருக்கு இவர் எலிக்காய்ச்சல்காரர். அவரும் ஒரு குளுக்கோஸ் போத்தல் மாட்டுவார்."

டிக்கெட்டை வாங்கினேன். டிக்கெட்டில் பிழையை உரசி அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. பிழை வாசிக்கக்கூடியதாக இருக்க ஒரே கோடு கீறி, மேலே சரியானதை எழுதி, நேரமும் கையெழுத்தும் இட வேண்டும். அப்படியே செய்தேன். மெடம் டிக்கெட்டைக் கட்டிலில் தொங்கவிடாமல் என் மேசை இலாச்சிக்குள் வைக்கச் சொன்னார்.

இன்னொன்று மிச்சமிருந்தது. ஆண்கள் வாட்டில் பெண்கள் தங்க முடியாது. நோயாளியின் பக்கத்தில் இருக்கப்போவது மரைக்காயர். எதைப் பார்க்க வேண்டும், எப்போது எங்களைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்து. தெரிந்தால் நிக்காஹ்வுக்கு ஆபத்து. மெடம் இரண்டையும் அப்படியே சுபைதா உம்மாவிடம் சொன்னார். "வேற ஆம்புள ஆரும் இருக்காங்களா?" என்று கேட்டார். மகன் கட்டாரில். வேறு ஒருவரும் இல்லை.

"நானே சொல்றன்" என்றார் சுபைதா உம்மா.

மரைக்காயர் லாப் முடிவோடு வந்தார். எலிக்காய்ச்சல் இல்லை. சுபைதா உம்மா தன் காக்காவை, மூத்த சகோதரரை, திரையின் உள்ளே அழைத்தார்.

"காக்கா, ஒண்டு சொல்லணும். ஏசிறெண்டா ஏசுங்க. சத்தமா மட்டும் கதைக்காதீங்க."

சொன்னார். மெடமிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, நாலு வசனத்தில். நான் மரைக்காயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, நெற்றியைத் துடைத்தார்.

"பள்ளியில சத்தியம் வாங்கக்குள்ள மச்சான் என்ட பக்கத்தில நிண்டவர்" என்றார். "கை நடுங்கினது. நான் கண்டன். அல்லாஹ்ட பயத்தில நடுங்குது எண்டு நினைச்சன். வீட்ட போய் மனிசியிட்டயும் சொன்னன், மச்சானப் போல ஈமான் உள்ளவன் நம்மட குடியில இல்லயெண்டு."

தொப்பியை மீண்டும் தலையில் வைத்தார். பிறகு அவர் மெடமைப் பார்த்து, "இப்ப நான் என்ன செய்யணும் மகள்?" என்று கேட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் அந்தக் கட்டிலை விட்டு அகலவில்லை. அஸர் தொழுகையைக்கூட கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணை மச்சானின் மேல் வைத்தே தொழுதார். மருந்து பிடிக்கும்வரை ஆதம்பாவாவுக்கு வெள்ளம் ஓயவில்லை. மரைக்காயர் அவரோடு வாதாடவில்லை.

"மச்சான், மேல் மதகப் பூட்டியாச்சு. பயப்படாதீங்க."

"கீழ் மதகு?"

"அதையும் பூட்டிட்டன்."

"எந்தப் பக்கம் சுத்தின?"

பிடவைக் கடைக்காரர் வாழ்நாளில் மதகைத் தொட்டதில்லை. "வலப்பக்கம்" என்றார்.

"அது திறக்கிற பக்கம்!" ஆதம்பாவா தடுப்பைத் தாண்டப் பார்த்தார். நானும் மரைக்காயரும் ஓர் ஊழியரும் பிடித்தோம்.

"அப்ப இடப்பக்கம் சுத்துறன் மச்சான். இந்தா, சுத்துறன், பாருங்க." மரைக்காயர் எழுந்து நின்று, வெண்ணிற ஜுப்பாவின் கைகளை மடித்து, வெறும் காற்றில் பெரிய சக்கரம் ஒன்றைப் பிடித்து முழுப் பலத்தோடும் இடப்பக்கம் திருகினார். முகத்தில் வியர்வை வந்தது. வாட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டாம் கட்டில் கிழவர் செருப்பைக் கீழே வைத்து, "வத்துது விதானையார், வத்துது" என்றார்.

ஆதம்பாவா நிலத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு படுத்தார். நாலரை மணிக்கு உறங்கினார்.

மறுநாள் ஜும்ஆவுக்கு மரைக்காயர் போனபோது கட்டிலுக்கு நான் காவல். பள்ளியில் அவர் என்ன பேசினார் என்பதை அங்கே இருந்த எங்கள் அற்றண்டன், வாட் உதவியாளர், வந்து சொன்னார். வழமையான அறிவித்தல்களுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அவர் சொன்னதாம்: கடை மூடியபின் யாருக்காவது கை நடுங்கினால், வியர்த்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால், அது வருத்தம், ஒரு நோய். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பள்ளி கேட்காது. குடியை விடுவதற்காகப் படுத்திருப்பவர் குடிக்கிறவர் கணக்கில் வரமாட்டார், அந்த வீட்டுக்குக் கடிதம் உண்டு. "என்ட தீர்மானத்தில இத எழுத மறந்திட்டன். என்ட பிழை" என்றும் சொன்னாராம். கூட்டத்தில் ஒருவர், "ஹாஜியார், இது குடிகாரனுக்குக் குடை பிடிக்கிற கதை" என்றாராம். "மழையில நிக்கிறவனுக்குத்தானே குடை" என்று இவர் சொன்னாராம்.

சனிக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கைகளைச் சாரனின் மடிப்புக்குள் வைத்திருந்தார்கள். மூவருக்கும் பின்னால் அவரவர் மனைவிமார். ஒருவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். நாற்பது வருடமாக அவரைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஆதம்பாவா ஐந்தாம் நாள் தெளிந்தார். நடந்ததில் பாதி அவருக்கு ஞாபகம் இல்லை. சுபைதா உம்மா மிச்சத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று மெடம் எழுதினார். மரைக்காயர் பள்ளிக் கடிதத்தைக் கையெழுத்திட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆதம்பாவா அதை இரண்டு முறை வாசித்தார்.

"இதில ஒண்டும் பொய்யில்ல. ஆனா மாப்பிள்ள வீட்டாருக்கு இது தெரியாது."

"தெரியாட்டி என்ன மச்சான்? பள்ளி சொல்லிட்டு."

"மாப்பிள்ள என்ட வீட்டுக்கு வாழ வாறவன்" என்றார் ஆதம்பாவா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். "ஒரே கூரைக்குள்ள இருக்கப்போறவன். ஒரு நாள் என்ட கையப் பாப்பான். அண்டைக்கு என்ட மகள்ட முகத்தப் பாப்பான். இண்டைக்கே சொன்னா எனக்கு மட்டும்தான் வெக்கம்."

"இல்லயெண்டு சொல்லிட்டா?" என்றார் சுபைதா உம்மா. அவருடைய குரல் முதல் தடவையாக உடைந்தது. "புள்ள உடுப்பெல்லாம் தைச்சிட்டாள்."

"சொல்லட்டும். மறைச்சிக் குடுக்கமாட்டன்."

எனக்குப் பகல் ஒரு மணியோடு கடமை முடிந்தது. அவர்கள் நிந்தவூருக்குத்தான் போகிறார்கள், ஏறுங்கள் என்றார்கள். மூவரும் முச்சக்கர வண்டியில் பின்னால், நான் சாரதிக்குப் பக்கத்தில். பிரதான வீதி முழுவதும் சுபைதா உம்மாவின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் வாப்பா நெல் வியாபாரி. எனக்கும் தெரிந்த வீடு. இறங்கிப் போக நினைத்தேன். ஆதம்பாவா, "இருங்க தம்பி. நான் சொல்லக்குள்ள ஏதும் பிசகினா நீங்க திருத்துங்க" என்றார். முன்மண்டபத்தில் உட்கார்ந்தோம். தேநீர் வந்தது. ஆதம்பாவா குடிக்காமல், கோப்பையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னார். வாடி, போத்தல், அரிசிப் பானை, மூடி, வாட். ஓரிடத்திலும் நான் திருத்த வேண்டி வரவில்லை. உள்கதவின் திரைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் உம்மா நிற்பது அவருடைய பாதத்தில் தெரிந்தது.

நெல் வியாபாரி கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கும் தேநீர் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விரல்களைக் கமக்கட்டுக்குள் இறுக்கி வைத்திருந்தார். நல்ல வெயில். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. பழக்கத்தில் அதைப் பார்த்தேன். பிறகு பார்வையை எடுத்துவிட்டேன்.

சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தபின் நெல் வியாபாரி நிமிர்ந்தார்.

"நிக்காஹ் நாள் மாறாது" என்றார் கடைசியில்.  "என்ட மகனுக்கு உங்கட வீட்டப் போல வீடு கிடைக்காது விதானையார்."

சுபைதா உம்மா பர்தாவின் நுனியால் கண்ணை மூடிக்கொண்டார். ஆதம்பாவா எழுந்து சம்பந்தியைக் கட்டித் தழுவப் போனார். நெல் வியாபாரி கைகளை எடுக்காமல் தோளை மட்டும் கொடுத்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் உம்மா வெளியே வந்தார். மற்றவர்கள் வண்டிக்குப் போய்விட்டார்கள். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நாளைக்கும் உங்களுக்கு அந்த வாட்டிலதானா வேல?"

"ஓம் ராத்தா."

"மெடம் எத்தின மணிக்கு வருவா?"

"எட்டு மணிக்கு."

அவர் உள்ளே திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"அப்ப நாங்க ஏழரைக்கே வந்திருவம்" என்றார்.